ஊட்டியில வாங்குன செடி சென்னை மாடியில ஏன் சாகுது?

மே மாசம் ஊட்டியில இருந்து இறங்குற வேன்ல இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. பின் சீட்ல ஒருத்தர் மடியில கறுப்பு பாலித்தீன் கவர், அதுக்குள்ள கொத்துக்கொத்தா பூத்த ஹைட்ரேஞ்சியா. இல்லைன்னா ஜிமிக்கி மாதிரி தொங்குற ஃபுஷியா. பர்லியாறு தாண்டும்போதே இலை லேசா துவள ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்து தண்ணி ஊத்தி, மாடியில வெச்சு, ஸ்டேட்டஸ் போடுவோம். மூணாவது வாரம் குச்சிதான் மிஞ்சும்.

நானும் ரெண்டு ஃபுஷியாவை இப்படித்தான் கொன்னேன். "தண்ணி பத்தல போல"ன்னு அம்மா ஒரு சொம்பு, நான் ஒரு சொம்புன்னு ஊத்துனோம். செடியைப் பிடுங்கிப் பார்த்தப்போ வேர் மொத்தமும் பழுப்பா அழுகியிருந்தது. தாகத்துல சாகலை, நாங்கதான் மூழ்கடிச்சிருக்கோம்.

பிரச்னை வெயில் மட்டும் இல்லை

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியா 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படின்னா சென்னைக்கும் ஊட்டிக்கும் கிட்டத்தட்ட 15 டிகிரி வித்தியாசம். "அப்போ நிழல்ல வெச்சா சரியாயிடுமே"ன்னு தோணும். ஆகாது. காரணம், ராத்திரி.

பகல்ல வெளிச்சத்தை வெச்சு செடி சர்க்கரை தயாரிக்கும். ராத்திரி சுவாசிக்கும்போது அதுல ஒரு பங்கு செலவாகும். வெப்பம் 10 டிகிரி கூடினா இந்தச் செலவு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். மலையில ராத்திரி குளிர்றதால செலவு கம்மி, சேமிப்பு அதிகம். சென்னையில மே மாச ராத்திரி 28 டிகிரி. பகல்ல சம்பாதிச்சதை ராத்திரியே செலவு பண்ணிட்டு, மாசக் கடைசி பேச்சுலர் மாதிரி நிக்கும் செடி. நிழல் வலையால இதை மாத்த முடியாது.

அடுத்தது வேர். வெந்நீர்ல ஆக்சிஜன் குறைவாதான் கரையும். மொட்டை மாடி வெயில்ல கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள ஈரமண் கொதிச்சா வேருக்கு மூச்சு முட்டும், அழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வேர் அழுகினா தண்ணியை உறிஞ்ச முடியாம இலை வாடும். வாடுதேன்னு நாம இன்னும் ஊத்துவோம். அதனால இலை வாடினா முதல்ல மண்ணுக்குள்ள ரெண்டு இன்ச் விரலை விட்டுப் பாருங்க. ஈரமா இருந்தா சொம்பைக் கீழே வெச்சுட்டு, தொட்டியை நிழலுக்கு மாத்துங்க.

எப்போ வாங்கலாம்?

டூர் போறது மே மாசம், செடி வாங்குறதும் மே மாசம். இதைவிட மோசமான நேரம் கிடையாது. சமவெளியில மலைச்செடிக்குன்னு இருக்குற சீசன் வடகிழக்குப் பருவமழை ஓய்ஞ்ச டிசம்பர் நடுவுல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான். ஜெரேனியம், பேன்சி, டயாந்தஸ், பெட்டூனியா எல்லாம் அந்த ரெண்டரை மாசம் நல்லா பூக்கும். மார்ச்ல ஓய்ஞ்சிடும். அதைத் தோல்வியா நினைக்க வேண்டாம். விலை கொடுத்து வாங்குற பூங்கொத்து நாலு நாள் இருக்கும், இது பத்து வாரம் இருக்கும்னு கணக்கு போட்டுக்கோங்க.

வருஷம் முழுக்கத் தாங்கணுமா? பெகோனியா வாங்குங்க. நீளத் தண்டுல வெள்ளைப் புள்ளி போட்ட இலை வர்ற ரகம், காலை வெயில் மட்டும் விழுற பால்கனியில சமாளிச்சுக்கும். ஃபுஷியா வேண்டவே வேண்டாம். ஹைட்ரேஞ்சியா பெங்களூரு, ஓசூர் உயரத்துல ஓகே. சென்னையில உயிரோட இருந்தாலும் மறுபடி பூக்குறது சந்தேகம். ஏன்னா பூமொட்டு உருவாக அதுக்குச் சில வாரம் தொடர்ந்து குளிர் வேணும். இன்னொண்ணு, ஊட்டியில நீலமா இருந்த பூ நம்ம வீட்டுல பிங்க் ஆகலாம். கடைக்காரர் ஏமாத்தலை. மலை மண்ணோட அமிலத்தன்மையில கரையுற அலுமினியம்தான் அந்த நீலத்துக்குக் காரணம். நம்ம போர் தண்ணி காரத்தன்மை உள்ளதா இருந்தா அந்த அமிலத்தன்மை போயிடும்.

ஸ்ட்ராபெர்ரியில சென்னைக்காரங்களுக்கு நாலஞ்சு பழம் கிடைச்சாலே செல்ஃபி எடுத்துக்கலாம்.

தொட்டிதான் ஏசி

கறுப்பு பிளாஸ்டிக்கைத் தவிர்த்து மண்தொட்டிக்கு மாறுங்க. பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்குற அதே டெக்னிக்தான், சுவர் வழியா ஈரம் ஆவியாகும்போது உள்ளே சூடு குறையும். இன்னும் வேணும்னா பெரிய மண்தொட்டிக்குள்ள சின்ன மண்தொட்டியை வெச்சு, இடைவெளியில மணல் நிரப்பி, அந்த மணலை மட்டும் ஈரமா வெச்சுக்கலாம். ரெண்டு தொட்டிக்கும் அடியில ஓட்டை முக்கியம். ஒரு உண்மையையும் சொல்லிடணும். காத்துல ஈரம் குறைவா இருக்குற மதுரை, வேலூர், திருச்சி பக்கம் இது நல்லா வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்துல பலன் கம்மிதான்.

தொட்டியைத் தளத்துல நேரா வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க. மண் கலவையில பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் இருந்தா தண்ணி தேங்காது. காலை பத்து மணி வரைக்கும் வெயில் போதும்.

காட்டுல இருந்து வேண்டாம்

ரோட்டோரம் பார்த்த ஃபெர்ன், ஆர்க்கிட்னு பிடுங்கிட்டு வர்ற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. அது காட்டுக்கும் நஷ்டம், உங்க வீட்டுலயும் வாழாது. முக்கியமா நீலக்குறிஞ்சி. 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, செத்துப்போற செடி. 2018-ல மூணாறு பக்கம் பூத்தது, அங்கே அடுத்தது 2030. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தாவரம் அது, பறிச்சா வழக்குதான்.

சும்மா ஆசைக்கு மலைச்செடி வேணும்னா, கொடைக்கானல்ல மலைப்பூண்டு வாங்கிட்டு வாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்குன பூண்டு. ஜனவரியில நாலு பல்லைத் தொட்டியில ஊன்றி வைங்க. குளிர் பத்தாததால கீழே பெரிய பூண்டு திரளாது. ஆனா தாள் வரும். வெங்காயத்தாள் மாதிரி நறுக்கி ஆம்லெட்ல போடுங்க, வாசனை அள்ளும்.