நான்காம் அறைக்கு வந்த மருந்து

ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளுக்கிடையே பல கிளையாய்ப் பிரிந்து விழுகிறது. மேலே ஆற்றில் கலந்தது எல்லா அருவிக்கும் போய்ச் சேரும். மூளைக்குள்ளும் அப்படியோர் இடம் உண்டு: நான்காம் அறை. மூளையில் ஊறும் நீர் இங்கு வந்து, மூன்று துளைகள் வழியே வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்கிறது. குழந்தைகளுக்கு வரும் எபென்டிமோமா கட்டி பெரும்பாலும் இந்த அறையை ஒட்டியே முளைக்கிறது. அதன் செல்கள் நீரில் மிதந்துபோய்த் தண்டுவடத்திலும் வேர்பிடிப்பதுண்டு.

இந்த அறைக்கு வந்து சேர்ந்த மருந்து ஒன்று, 1964இல் பிராக் நகரில் பிறந்தது. பிஸ்கலா, ஷோர்ம் இருவரும் உருவாக்கிய அசாசைட்டிடின், நம் செல்லில் உள்ள சைட்டிடினின் சாயல். ஒரு கார்பன் இருந்த இடத்தில் நைட்ரஜன், அவ்வளவே. செல்லைக் கொல்லும் நஞ்சாகவே அதை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அளவைக் கூட்டியதால் வாந்தியும் மஜ்ஜைச் சேதமும் மிஞ்சின.

1977இல் வேறொன்று தெரிந்தது. சுண்டெலிக் கருவின் செல்களில் சிறிதளவு விட்டபோது, அவற்றில் சில தசைச் செல்லாகிவிட்டன. பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் 1980இல் காரணத்தைச் சொன்னார்கள். டி.என்.ஏ.மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் சில மரபணுக்களை அடக்கிவைக்கின்றன. செல் இரண்டாகும்போது ஒரு நொதி அக்குறிகளைப் புது இழையிலும் இடும். அசாசைட்டிடின் இழைக்குள் புகுந்து அந்த நொதியைச் சிறைப்பிடிக்கிறது. குறி விழாததால் அடங்கிக் கிடந்த மரபணு மீண்டும் வேலைக்கு வருகிறது. இப்படி மரபணுவின் எழுத்தைத் தொடாமல் அதன் நடத்தையை மாற்றுபவையே எபிஜெனடிக் மருந்துகள். 2004இல் மஜ்ஜை நோய் ஒன்றுக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது.

2014இல் டொரான்டோ ஆய்வாளர்களின் குழு 47 பின்மூளை எபென்டிமோமாக்களின் மரபணுக்களைப் படித்தது. திரும்பத் திரும்பத் தென்படும் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை! பச்சிளம் குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகையில் மெத்தில் குறிகள்தான் மிகுந்திருந்தன. குறியைக் குறைக்கும் பழைய மருந்து உடனே நினைவுக்கு வந்தது.

ஆனால் நரம்பில் ஏற்றும் மருந்து மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேராது. ஹூஸ்டனில் டேவிட் சாண்ட்பெர்க் குழுவினர், விலங்குகளில் சோதித்த பிறகு, நான்காம் அறைக்கோ கட்டியை அகற்றிய குழிக்கோ மெல்லிய குழாய் வைத்து மருந்தை நேரே செலுத்தினார்கள். நோய் திரும்பிவந்த 6 குழந்தைகளுக்கு, வாரம் ஒருமுறை 10 மில்லிகிராம், 12 வாரம் என்பது திட்டம்.

2019இல் முடிவு வெளிவந்தது. மருந்தால் பெரிய நரம்புப் பாதிப்பு யாருக்கும் இல்லை. இருவருக்குச் சில கட்டிகள் சுருங்கின. ஆனாலும் மருந்து பெற்ற ஐந்து பேருக்குமே நோய் முற்றியது. அறுவையும் கதிர்வீச்சும்தான் இந்நோய்க்கு இன்றும் முதன்மைச் சிகிச்சை. அளவைக் கூட்டிக் கொடுத்ததால் முதலில் குணம் புரியாமல்போன மருந்து, மூளைக்குள் குறைத்துக் கொடுத்தோமோ என்ற கேள்வியில் இப்போது நிற்கிறது.