இதயத்திற் பதிந்த கம்பி: சிறார் மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயம்

மருத்துவக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், அவை உடலினுள் வைக்கப்பட்ட நாளையே பெரும்பாலும் குறித்து வைப்பர். அவற்றை வெளியே எடுத்த கதை அரிதாகவே எழுதப்படுகின்றது. பேஸ்மேக்கர் எனப்படும் இதயமுடுக்கியைப் பொறுத்தவரை அவ்விரண்டாவது கதை மிக நீண்டது. அதன் தொடக்கமும் குழந்தைகளிடத்தேயாகும்.

1950களில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றன் லில்லிஹை என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இதய அறைகளுக்கிடையே துவாரத்துடன் பிறந்த பிள்ளைகளுக்கு இதயத்தைத் திறந்து சிகிச்சை செய்துவந்தார். துவாரத்தைத் தைக்கையில் இதயத்தின் மின்கடத்தும் நார்க்கற்றை சிலவேளை சேதமுற்றது. துடிப்பு ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது. 1957 ஜனவரியில் அவர் மெல்லிய கம்பியொன்றை இதயத் தசையிற் பொருத்தி, மறுமுனையைத் தோலுக்கு வெளியே கொணர்ந்து, மின்தூண்டற் கருவியோடு இணைத்தார். அக்கருவியோ சுவர் மின்னிணைப்பை நம்பியிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி மினியாப்பொலிஸ் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அதன் பின்னரே, லில்லிஹையின் வேண்டுகோளின்படி ஏர்ல் பாக்கன் என்னும் பொறியியலாளர், இசை பயில்வோர் தாளங்காட்டியாகப் பயன்படுத்தும் கருவியின் மின்சுற்றைத் தழுவி, மின்கலத்தில் இயங்கும் சிறுபெட்டியொன்றைச் சில வாரங்களுட் செய்து கொடுத்தார். நூல்கள் இப்பெட்டியைப் போற்றுகின்றன. கம்பியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நார்க்கற்றை தேறியதும், வெளியே நின்ற நுனியை மெல்ல இழுத்தாற் கம்பி வந்துவிடும். அஃது அகற்றுவதற்கென்றே இடப்பட்ட கம்பி.

1958 ஒக்டோபர் 8ஆந் திகதி ஸ்டொக்ஹோமில் ஓக்கே சென்னிங்கும் ரூன எல்ம்குவிஸ்ற்றும் பெட்டி, கம்பி இரண்டையுமே ஆர்ன லார்சன் என்பவரின் உடலினுள் வைத்தனர். முதற்கருவி சில மணிநேரமே இயங்கிற்று. எனினும் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை அடுத்தடுத்துப் பெற்று அவர் 2001 வரை வாழ்ந்தார். இனி வெளியே நுனியில்லை. 1960களில் நெஞ்சைத் திறவாது நாளத்தின் வழியே கம்பியைச் செலுத்தும் முறையும் பரவியது. நாளச் சுவரும் இதயத்தின் உட்புறமும் கம்பியைத் தழும்பிழையத்தால் மூடிக்கொண்டன. பெட்டியை மாற்றுவது எளிது. கம்பியோ உடலின் ஒரு பகுதிபோல் ஆயிற்று.

நோய்க்கிருமி தொற்றினாற் கம்பியை எடுத்தேயாக வேண்டும். தொடக்கத்தில் அதன் நுனியிற் சிறு பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, நாட்கணக்கிற் காத்திருந்தனர். நாளமோ இதயச் சுவரோ கிழியும் அபாயம் இருந்தது. மாற்றுவழி நெஞ்சைத் திறப்பதே. 1980களில் ஐக்கிய அமெரிக்காவிற் சார்ள்ஸ் பேர்ட் முதலானோர், கம்பியின்மேற் குழலைச் செலுத்தித் தழும்பைப் பிரித்தெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். குழல்முனையில் லேசர் ஒளியைப் பயன்படுத்தும் கருவி அந்நாட்டில் 1997இல் அனுமதி பெற்றது. ஆயினும் இளவயதினரிடத்துத் தழும்பு சுண்ணாம்பேறி இறுகுவதுண்டு. அங்கே லேசரும் தளர்ந்துவிடும்.

பிள்ளை வளரும்; கம்பி வளராது. இதனால் வைத்தியர்கள் வலது மேலறையிற் கம்பியைச் சற்று வளையவிட்டு வைத்தனர். அவ்வளைவே பின்னர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்திற் கம்பியைத் தைப்பதே வழக்கம். அது நாளத்தைக் காக்கும். ஆனால் முறிவது அதிகம்.

1980இல் மிச்செல் மிரோவ்ஸ்கியின் முயற்சியால் வந்த டிபிபிரிலேற்றர், ஒழுங்கிழந்து நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்பது. பின்னர் நாளவழியே செலுத்தப்பட்ட அதன் கம்பி தடித்தது. அதன் சுருள்களுக்கிடையே தழும்பு புகுந்து பற்றிக்கொள்ளும். ஆகவே, மெட்ரோனிக் நிறுவனத்தின் ஸ்பிரின்ற் ஃபிடெலிஸ் என்னும் மெல்லிய கம்பி 2004இல் வந்தபோது, சிறுவரின் ஒடுங்கிய நாளத்துக்கு அது பொருத்தமாகத் தோன்றியது. உலகெங்கும் ஏறத்தாழ 268,000 கம்பிகள் இடப்பட்டபின், முறிவுகள் காரணமாக 2007 ஒக்டோபரில் விற்பனை நிறுத்தப்பட்டது. முறிந்த கம்பி பொய்ச்சைகை தரும். நல்ல நினைவோடு விளையாடும் பிள்ளைக்கும் அதிர்ச்சி பாயும். முறியாத கம்பியை முன்கூட்டியே எடுப்பதா, விட்டுவைப்பதா? பொதுவாக விட்டுவைக்கும்படியே அறிவுறுத்தப்பட்டது. அன்றைய நிலையில் அது நியாயமானதே; ஆனால் ஆண்டு செல்லச் செல்ல எடுப்பது கடினமாகும் என்பதால், பத்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது முதியவருக்கும் அவ்வறிவுரை ஒரே பொருளைத் தரவில்லை.

இவ்வரலாறு தொலைநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் நிகழ்ந்ததாயினும், அதன் முதற் கட்டம் கலவானப் பகுதித் தோட்டமொன்றின் மருந்தகத்திலும் நிகழக்கூடும். கொழும்பிற் கருவி வைக்கப்பட்டு லயத்துக்குத் திரும்பிய பிள்ளைக்கு, பெட்டியின்மேல் தோல் சிவந்து வீங்குமாயின் அதனை முதலிற் காண்பவர் தோட்ட வைத்திய உதவியாளரே. கண்ணுக்கு அது சாதாரணக் கட்டிபோலத் தெரியும். அதனைக் கீறுவதோ ஊசியால் உறிஞ்சுவதோ தகாது. மாத்திரை சிவப்பைத் தணிக்கலாம், கம்பியிற் பற்றிய கிருமியை அழிக்காது. 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும்போல் இரத்தினபுரி மாவட்டத்து வீதிகள் துண்டிக்கப்படும் காலங்களில் ஒருநாள் தாமதமே பெரிது. பிள்ளை பெருநகர் மருத்துவமனையை அடைந்ததும், கம்பியை எடுக்கப்போகும் வைத்தியர் முதலில் அறிய விரும்புவது அது வைக்கப்பட்ட ஆண்டினையும் அதன் வகையினையுமாகும். அவ்விரண்டும் கருவியோடு வழங்கப்படும் சிறு அட்டையில் எழுதப்பட்டிருக்கும்.