தோட்டத் திடலும் பயிற்றுநர் இருக்கையும்: நெகிரி செம்பிலானை முன்வைத்து

2010 அக்டோபர் 30ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். முந்தைய ஆண்டு கிளந்தானை 3-1 என வென்று, 1948க்குப் பிறகு முதன்முறையாகக் கிண்ணத்தைச் சிரம்பானுக்குக் கொண்டுவந்திருந்த நெகிரி செம்பிலான், மறுபடியும் அதே கிளந்தானை எதிர்கொண்டது. முதல் கோல் நெகிரி செம்பிலானுக்கு. பின்னர் ஹைருடின் ஒமாரும் பட்ரி ராட்சியும் அடித்த கோல்களால் ஆட்டம் 2-1 எனக் கிளந்தான் பக்கம் போயிற்று. 1921இல் தொடங்கிய அந்தப் போட்டியில் கிளந்தான் வென்ற முதல் கிண்ணம் அது. வென்ற அணியின் பயிற்றுநர் பி. சத்தியநாதன்.

இந்த வெற்றியைத் தனியே பார்க்கக் கூடாது. 2009 டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மலேசியா இருபது ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கம் வென்றது, பயிற்றுநர் கே. ராஜகோபால். ஒரு காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர் அவர். 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோதும் அவரே பயிற்றுநர். 2011இல் கிளந்தான் சூப்பர் லீக் பட்டம் பெற்றபோது அதன் பயிற்றுநர் எம். கராத்து, பேராக்கிற்கு ஆடியவர். இரண்டே ஆண்டுகளில் நாட்டின் நான்கு பெரிய வெற்றிகளுக்குத் தமிழர் மூவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அதே காலத்தில் தேசிய அணியின் ஆட்டக்காரர் பட்டியலில் எஸ். குணாளன் போன்ற ஓரிரு தமிழ்ப் பெயர்களைத்தான் காண்கிறோம். திடலில் குறைந்த சமூகம் திடலோரத்தில் எப்படி நிலைத்தது? நம் விளையாட்டு வரலாற்றெழுத்து இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தைப் போன்ற ஆட்டக்காரரைப் போற்றுவதோடு அது நின்றுவிடுகிறது.

ஆட்டக்காரரை உருவாக்கிய தோட்டமே ஆட்டத்தை நடத்துபவரையும் உருவாக்கியது என்பது என் வாதம். மேற்சொன்ன மூவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அவர்கள் வளர்ந்த காலத்தில் மலேசியத் தமிழர் காற்பந்துக்கு ஓர் அமைப்பும் பழக்கமும் இருந்தன. அவற்றின் வேர் இரப்பர் தோட்டத்தில் இருந்தது என்கிறேன்.

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதலில் வேலை நேரம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெளுக்கும்போது நிரைக்குள் இறங்கி, நானூறு ஐந்நூறு மரம் சீவி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகலில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். பட்டணத்துக் கூலியாளுக்கு வாய்க்காத ஒரு மாலைப்பொழுது பால் வெட்டுபவருக்கு வாய்த்தது. லயங்களில் இளைஞர்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். பதினொரு பேரைச் சேர்க்கத் தூரம் போகவேண்டியதில்லை.

அடுத்தது திடல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. திடலுக்கு அப்படியொரு சட்டப் பிடிமானம் இல்லை. அது துரையின் தயவு. அடுத்த தோட்டத்துக்குப் போக லோரி வேண்டுமானாலும் அவரிடந்தான் கேட்கவேண்டும். ஆகவே தோட்டத்துக் குழுவில் பந்தைத் தொடாத ஒருவர் இன்றியமையாதவரானார். கிராணியாகவோ ஆசிரியராகவோ தொழிற்சங்கச் செயலாளராகவோ ஆடி ஓய்ந்த மூத்த வெட்டுக்காரராகவோ அவர் இருப்பார். லோரி கேட்பதும், ஆட்டத்துக்குக் கடிதம் போடுவதும், சம்பள நாளன்று ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் திரட்டிப் பந்து வாங்குவதும் அவர் வேலை. யாருடைய சப்பாத்து கிழிந்திருக்கிறது, யாரும் யாரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், காலையில் மழை பெய்து வெட்டு தள்ளிப்போனால் யார் மாலையில் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைவசம் உள்ள ஆட்களைக் கொண்டு, பிறர் நிலத்தில், பிறர் அனுமதியோடு ஓர் அணியை நிற்கவைக்கும் திறமை இது. பயிற்றுநர் பணியின் சாரமும் இதுதான் என்பதை நாம் போதிய அளவு மதித்ததில்லை.

தோட்டத்துக்கும் தொழில்முறைக் காற்பந்துக்கும் இடையே ஒரு படி இருந்தது. 1989இல் பகுதித் தொழில்முறை லீக்கும் 1994இல் முழுத் தொழில்முறையும் வருமுன், ஆட்டக்காரருக்குச் சோறு போட்டது வேலை. காவல்துறை, மின்வாரியம், நகராண்மை, வங்கி என ஒவ்வொன்றும் தன் அணிக்கு ஆள் எடுத்தது. ஆட்டம் ஓய்ந்தபின் அதே அலுவலகத்தில் இருந்துகொண்டு இளையவர்களைப் பழக்க வழி கிடைத்தது. பின்னாளில் பயிற்றுநர் உரிமம் கட்டாயமானபோது, படித்துத் தேர்ந்து ஏறக்கூடிய ஏணி ஒன்றும் அமைந்தது.

கைவசம் உள்ள ஆட்களைக் கொண்டு அணியை நிற்கவைக்கும் அந்தத் திறமைக்குச் சான்றாக ராஜகோபாலின் 2010ஐச் சற்று நின்று பார்க்கலாம். சுசுகி கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. இளம் ஆட்டக்காரர்களைத் தூக்கியெறிய அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. அவர் அவர்களை விடவில்லை. டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தினார்கள். சஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2. வெளியிலிருந்து ஆள் வாங்க வழியில்லாதபோது உள்ளவரை ஆளாக்குவதுதான் மிகப் பெரிய பயிற்றுநர் திறன் என்றால், மலேசியக் காற்பந்தில் அதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கிண்ணம் வென்ற சத்தியநாதன் அடுத்த பருவம் கிளந்தானில் இல்லை. பின்னர் ஆயுதப்படையின் ஏ.டி.எம். அணியை 2012இல் பிரிமியர் லீக் வெற்றியாளராக்கி, அதே ஆண்டு மலேசியக் கிண்ண இறுதிவரை கொண்டுசென்றார். 2018இல் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கிய நெகிரி செம்பிலான், கே. தேவனின் பயிற்சியில் 2021இல் மீண்டும் ஏறியது. 2022இல் பன்னிரண்டு அணிகளுள் நான்காம் இடம் பெற்றது. பரோய் அரங்கில் ரசிகர்களின் ‘ஹொபின் ஜாங் ஹொபின்’ முழக்கம் மறுபடி கேட்டது. 2024ஆம் பருவம் வந்தபோது தேவன் அந்த இருக்கையில் இல்லை. எல்லா நாட்டிலும் பயிற்றுநர் வேலை நிலையற்றதுதான் என்று மறுப்பு வரலாம், உண்மையே. எனினும் இவர்களுக்கு அமைந்தது ஓர் அணியை எழுப்பிக் கொடுக்கும் பணி. எழுப்பியதை ஆண்டுக்கணக்கில் வைத்து நடத்தும் அதிகாரம் அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது.

இதற்கிடையில் ஊற்று வற்றிவிட்டது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும், அந்த ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார். லாபுத் தோட்ட நிலத்தில் பண்டார் என்ஸ்டெக் எழுந்தது. செண்டாயான் பக்கத் தோட்டங்களில் பண்டார் ஸ்ரீ செண்டாயான். கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் காக்கப் போராட்டங்கள் நடந்தன, சில வென்றன. திடலுக்காக எழுந்த குரல்கள் மிகக் குறைவு. பட்டணத்து மலிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைக்குக் கட்டணப் பயிற்சி மையம் இருக்கிறது. ஆனால் தன் வயதையொத்த பதினொரு பேரும் அவர்களைத் திரட்டும் அண்ணனும் இல்லை. ஆட்டக்காரர் குறைந்ததற்கு உணவையும் உடல்வாகையும் காரணம் காட்டுவோர் இந்த நில இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அது பெரும் பிழை.

தோட்டத்துக் குழுக்களைப் பற்றிய எழுத்துச் சான்று நம் நூலகங்களில் மிகக் குறைவு. அது வீடுகளில் இருக்கிறது: கோயில் திருவிழாவுக்கு நடந்த கிண்ணப் போட்டியின் அறிவிப்புத் தாள், சந்தாக் கணக்கு எழுதிய பள்ளி நோட்டு, துரையை நடுவில் உட்காரவைத்து எடுத்த குழுப்படம். நெகிரி செம்பிலானில் அப்படியொரு படம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் ஆட்டக்காரர் பெயர்களை எழுதுங்கள். ஓரத்தில் சப்பாத்து இல்லாமல் நிற்கும் அந்த ஒருவரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். பிறகு ஒரு நகலை மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ அனுப்பிவையுங்கள்.