சவரக் கத்தியும் நம் சமுதாயமும்

“படிக்காவிட்டால் சிரைக்கத்தான் போக வேண்டும்” என்பது நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் ஏச்சு. இதனைச் சொல்லாத ஆசிரியர் அரியர். கேளாத மாணவர் அதனினும் அரியர். கல்வியின் உயர்வை உணர்த்துவதாக எண்ணிக்கொண்டு ஒரு தொழிலின்மேல் இழிவைச் சுமத்தும் இச்சொல் எத்துணைப் பிழையானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நானும் அந்த ஏச்சைச் சொன்னவன். ஆதலின் இது என் கடன் ஒன்றைத் தீர்க்கும் முயற்சியுமாகும்.

தமிழகத்துச் சிற்றூர்களில் நாவிதரின் பணி முடி களைவதோடு முடிந்ததில்லை. கட்டியைக் கீறிச் சீழ் அகற்றியவரும், புண்ணுக்கு மருந்திட்டவரும் அவரே. அவர் இல்லத்துப் பெண்கள் பேறு பார்த்தனர். ‘மருத்துவர்’, ‘பரியாரி’, ‘மருத்துவச்சி’ என்னும் பெயர்கள் அதற்குச் சான்று பகர்கின்றன. பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு சடங்கிலும் அவர் வேண்டப்பட்டார். ஆயினும், கூலியாகக் களத்து நெல்லில் ஒரு பங்கு பெற்ற அவர், சாதி அடுக்கில் தாழ்ந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டார். சாதி அடுக்கின் கீழ்க்கோடியில் இருந்தோர்க்கு அவர் முடி திருத்தக் கூடாதென்று தடுத்ததும் அதே ஊர்தான். பிறரை இழிவுபடுத்தும் கருவியாகவும் அவரையே பயன்படுத்திய கொடுமை இது. மழித்தலையும் நீட்டலையும் பற்றிக் குறள் சொன்ன வள்ளுவர், துறவியின் வேடத்தைத்தான் கண்டித்தார். மழிப்பவனின் தொழிலை அன்று.

இத்தொழில் கடல் கடந்து இந்நாட்டிற்கு வந்த வரலாறு கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றோடு பிணைந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. அதன்பின் நகரைக் கல்லால் கட்டுவதற்குச் செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளானை நோக்கி இரயில் பாதை திறக்கப்பட்டது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் எழுந்தது. சூழ இருந்த காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. பால்மரம் வெட்ட வந்தோரைத் தொடர்ந்து, அவர்தம் தலையும் முகமும் பேண நாவிதரும் வந்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மரநிழலில் ஒரு முக்காலி, ஒரு கிண்ணம் நீர், ஒரு கத்தி. இவையே அவர்களின் கடை. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில், சுருட்டிய தோல்வாரும் கத்தியுமே முதலாகக் கொண்டு வந்து இறங்கியோரும் இருந்தனர்.

நகரில் கடை வைத்தபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஊரில் அவர் வீடு வீடாகச் சென்று நின்றார். இங்கோ வாடிக்கையாளர் அவரை நாடி வந்து, அவர் காட்டிய நாற்காலியில் அமர்ந்தார். கூலி நெல்லாக அன்றிக் காசாகக் கிடைத்தது. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி அமர்ந்தனர். சாதிக் கடமையாக இருந்தது வாணிகமாக மாறியது. அடிமைத்தளையில் இருந்து அறுபட்ட அந்த முதல் இழையை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு போற்றவில்லை என்பது என் எண்ணம்.

அவர் கையிலிருந்த கத்தியும் எளிய பொருளன்று. அதற்கு நம் மண்ணோடும் ஓர் உறவு உண்டு. தென்னிந்தியக் கொல்லர் மண்குகையில் உருக்கிய எஃகு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் அறிஞர்களின் ஆய்வுக்கு இலக்காயிற்று. கத்தி வினைஞரான ஸ்டோடார்ட்டும் அறிவியலறிஞர் ஃபாரடேயும் அவ்வெஃகின் சிறப்பை ஆராய்ந்து, 1820இல் எஃகுக் கலவைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தம் எஃகால் செய்த சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாக அளித்தார். 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்பார், இங்கிலாந்து திரும்பி, 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகின் விலை இறங்க அது துணையாயிற்று. அந்த ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும்தான் உலகெங்கும் சவரக் கத்திகளை அனுப்பிய நகரங்கள்.

இவ்வாறு வந்த கத்தியைக் கையாளுதல் எத்துணை அரிது என்பதை நான் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அறிந்தேன். பிரிக்பீல்ட்சில் தங்கிப் பயின்ற நாட்களில், ஐந்தடிப் பாதையோரம் கடை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் எனக்கும் கற்றுத்தர வேண்டினேன். முதல் இரண்டு வாரங்கள் முகத்தருகே கத்தியைக் கொண்டுபோக அவர் விடவில்லை. தோல்வாரில் தீட்டுவது மட்டுமே பாடம். சாணைக்கல்லில் கூர்முனை முன்னே செல்ல வேண்டும். தோல்வாரிலோ முதுகு முன்னே சென்று, கூர்முனை பின்னே இழுபட வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். கூர்முனையின்மேல் புரட்டினால் வாரும் அறும், கூரும் கெடும். பின்னர் என் முன்கையில் பழகச் செய்தார். அதன்பின் கன்னம், இறுதியாக மோவாயும் கழுத்தும்.

வெந்நீரும் சோப்பும் முடியை இளக்க வேண்டும். இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க, வலக்கைக் கத்தி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், முடி வளரும் திசையிலேயே இறங்க வேண்டும். சாய்வு கூடினால் வெட்டும்; குறைந்தால் முடியைப் பிடுங்கும். கூர்முனையின் நீளவாக்கில் கத்தி இம்மியும் நகரலாகாது. ஒருநாள் வகுப்புக்கு நேரமாயிற்று என்று விரைந்தேன். மோவாயில் குருதி கசிந்தது. படிகாரக் கல்லைத் தடவியபடி அவர் சொன்னார்: “கத்தி மேல தப்பு இல்ல தம்பி. மனசு முன்னால ஓடிடுச்சு, கை பின்னால வந்துச்சு.” கற்பித்தலைப் பற்றி அவ்வாண்டு நான் கேட்ட சொற்களில் இன்றளவும் மறவாதது அதுவே.

ஆயினும் மறந்தேன். ஆசிரியனாகிச் சில ஆண்டுகள் கழித்து, வீட்டுப்பாடம் செய்யாத சிறுவன் ஒருவனைப் பார்த்து, அந்தப் பழைய ஏச்சை வகுப்பறிய வீசினேன். வகுப்பு சிரித்தது. அவன் தலைகுனிந்து நின்றான். அவன் கிள்ளானில் முடிதிருத்தகம் நடத்துபவரின் மகன் என்பதை அறியாமல் சொல்லவில்லை. அறிந்திருந்தும் அக்கணம் நினைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் கடைக்கே சென்றேன். ஒன்றும் பேசாமல் நுரை பூசி, பொறுமையாகச் சவரம் முடித்தார். துண்டை உதறியபின் மெல்லச் சொன்னார்: “ஐயா, இந்தத் தொழில்லதான் மூணு பிள்ளைங்களப் படிக்க வைக்கிறேன்.” அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாள் வகுப்பின் முன் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால், அவன் தந்தையின் தொழிலைக் கற்கவில்லை. அதில் என் பங்கும் உண்டென்றே கருதுகிறேன்.

நீண்ட கத்தியின் காலம் இன்று பெரிதும் கடந்துவிட்டது. 1903இல் கில்லெட் நிறுவனம் விற்ற சவரக் கருவிகள் வெறும் 51. முதல் உலகப் போரிலோ அமெரிக்கப் படையினருக்கென 35 இலட்சம் கருவிகள் வாங்கப்பட்டன. வீரர் கற்ற வழக்கம் வீடுகளுக்கும் பரவியது. 1986இல் நம் நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி கண்டறியப்பட்டபின், ஒரே கத்தி பலர் முகத்தில் படுவது அச்சத்திற்குரியதாயிற்று. இன்று முடிதிருத்துவோர் கையிலிருப்பது ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடு செருகிய பிடி. இது நலத்துக்கு உகந்த மாற்றமே, வருந்துவதற்கில்லை. தோல்வாரும் சாணைக்கல்லும் போயின; ஆனால், சாய்வும் பொறுமையும் வேண்டிய கை இன்றும் வேண்டும்.

அக்கைகளுக்குத்தான் இங்குப் பஞ்சம். இந்திய முடிதிருத்தகங்கள் நெடுங்காலமாகத் தமிழகத்திலிருந்து வரும் தொழிலாளரையே நம்பியிருந்தன. 2009இல் அதற்குத் தடை வந்தது. முடிதிருத்துவோர் இடைவிடாது முறையிட்டனர். 2023இல் முடிதிருத்தகம், நகைக்கடை, துணிக்கடை ஆகியவற்றுக்கு அயல்நாட்டுத் தொழிலாளரைப் பெற அரசு இசைந்தது. ஆனால், இங்கே பிறந்த பிள்ளைகள் ஏன் அக்கத்தியைத் தொட மறுத்தார்கள் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. வருவாய்க் குறைவு மட்டுமே விடையாகாது. பள்ளியில் நாம் கற்பித்த நாணமும் அதன் விடையில் அடங்கும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் மழலையின் தலையை மழிக்கும் கைகளைப் பாருங்கள். வீறிட்டழும் குழந்தையின் மென்மையான உச்சியில் ஒரு கீறலும் படாமல் கத்தி இறங்குகிறது. பெற்றோர் நம்பிக்கையோடு தம் குழந்தையைப் பிடித்திருக்கின்றனர். எந்தக் கையை நம்பிக் குழந்தையை ஒப்படைக்கிறோமோ, அந்தக் கையை வகுப்பறையில் ஏசுவது முறையாகுமா? எவரும் தந்தையின் தொழிலையே செய்ய வேண்டியதில்லை; அந்த விடுதலையைத் தருவதற்கே பள்ளிகள் உள்ளன. ஆனால், தந்தையின் தொழிலை எண்ணித் தலைகுனிய எந்தப் பிள்ளையையும் நாம் கற்பிக்கலாகாது. என் பள்ளியில் அந்த ஏச்சு இன்று ஒலிப்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும் ஒலியாதிருக்கட்டும்.