விரியலாக்கியோ ஒலிபெருக்கியோ: இல்லத்து இசைக்கருவி வரலாற்றில் ஒரு வழக்கு

இல்லத்திருந்தே இசைத்தட்டுக் கேட்கும் வழக்கமுடையார்க்குக் கையிற் சிறிது பணம் சேர்ந்தவிடத்து எழும் வினா ஒன்றுண்டு. ஆம்பிளிபயர் என வழங்கும் விரியலாக்கியை மாற்றுவதா, ஸ்பீக்கர் என வழங்கும் ஒலிபெருக்கியை மாற்றுவதா என்பதே அது. நுண்ணிய மின்னலையைப் பெருப்பித்து வலுவூட்டுவது முன்னையது. அவ்வலுவைக் காற்றின் அசைவாக்கிச் செவிக்கு ஈவது பின்னையது. இரண்டையும் ஒருங்கே மாற்றுதற்குப் பொருள்வளம் போதாதாயின் ஒன்றனைத் தேர்ந்தேயாகல் வேண்டும். இவ்வினாவைக் கடையில் விடுத்தால், எச்சரக்குத் தேங்கிக் கிடக்கின்றதோ அச்சரக்கே விடையாக வருதல் கூடும். வரலாற்றின்பால் விடுத்தால் வேறொரு செய்தி புலப்படும். குறைபாடு எக்கருவியில் உள்ளது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. ஒரு காலத்துக்குப் பொருந்திய செலவு பிறிதொரு காலத்தில் வீண்செலவாயிற்று.

எடிசன் 1877ஆம் ஆண்டிற் சமைத்த ஒலிப்பதிகருவியிலும் பேளினர் 1887ஆம் ஆண்டில் உரிமை பெற்ற கிராமபோனிலும் இவ்வழக்கிற்கு இடமில்லை. ஊசியின் அசைவே மென்றகட்டை அசைத்தது; கொம்பு அதனைக் காற்றொடு பொருத்தியது. மின்வலு யாண்டும் புகவில்லை. 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் அமைத்த மூவாய் வெற்றிடக் குழாய், அடுத்த சில ஆண்டுகளில் திருத்தம்பெற்றுத் தொலைபேசிக் கம்பிகளில் நலிந்த குரலை வலுப்படுத்தப் பயன்பட்ட பின்னரே விரியலாக்கி என ஒரு தனிக்கருவி உருவாயிற்று. ஆயினும் அக்காலத்து ஒலிபெருக்கி என்பது கொம்பு பூட்டிய தொலைபேசிச் செவிக்குழல் என்பதற்கு மேலொன்றும் இல்லை. அதனிடம் நல்ல விரியலாக்கியைக் கொடுப்பினும் தகரக் குரலே மிஞ்சும்.

இந்நிலையை மாற்றியவர் நியூ யோர்க் மாநிலத்துச் சினெக்ரடி நகரில், ஜெனரல் இலெக்றிக் தாபனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவராவர். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க மின்பொறியியலாளர் கழகத்தின் முன்னர் அவர்கள் வைத்த கட்டுரை, கொம்பில்லா ஒலிபெருக்கியைப் பற்றியது. காந்தப் புலத்தில் அசையும் சுருளைக் கொண்டு ஒலியெழுப்பலாம் என்பது அவர்தம் கண்டுபிடிப்பன்று. ஒலிவர் லொட்ஜ் 1898ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமை பெற்றிருந்தார். இருவரும் கண்ட உண்மை வேறு. எந்தக் கூம்புக்கும் தனக்கென ஓர் இயல்பான அதிர்வு உண்டு. அப்பரிவு இசையின் நடுவே அமையுமாயின், அம்மீடிறனுக்கு அண்மையிலுள்ள சுரங்கள் மாத்திரம் ஓங்கி ஒலிக்கும், ஏனையவை மங்கும். ஆகவே அவர்கள் கூம்பை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பரிவை இசையின் அடிப்பகுதிக்குத் தள்ளினர். அதற்கு மேற்பட்ட மீடிறன்களிற் கூம்பின் அசைவைத் தொங்கலின் விறைப்பு ஆளுவதில்லை. கூம்பின் திணிவே ஆளும். விசை மாறாதாயின் ஆர்முடுகலும் மாறாது. கூம்பு அலைநீளத்தினும் சிறிதாயிருக்கும் வரையில், கூம்பு எழுப்பும் ஒலியமுக்கம் அதன் ஆர்முடுகலுக்கு விகிதசமமாதலின், தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் ஒரே அளவில் வெளிப்படும். உயர்தரப் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் அரைப் பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய இந்நிறுவலே இன்றுவரை பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படையாயுள்ளது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை திறன். கொம்பில்லாக் கூம்பு தனக்கு ஊட்டப்படும் மின்வலுவில் நூற்றில் ஒரு சில பங்கையே ஒலியாக்கும்; எஞ்சியது வெப்பமாய்க் கழியும். அன்றைய வானொலிப் பெட்டியின் வலுவோ இதற்குப் போதாது. எனவே றைஸும் கெலொக்கும் ஏறத்தாழ ஒரு வாற்று வலுவுடைய விரியலாக்கி ஒன்றனையும் கூடவே ஆக்கினர். ஆர். சி. ஏ. தாபனத்தார் ‘றேடியோலா 104’ என விற்ற பெட்டியில் ஒலிபெருக்கியும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அவ்விரியலாக்கியும் ஓரிடத்தே அமைந்தன. செம்மையான ஒலி வேண்டின் திறன் குன்றும், திறன் குன்றின் வலு வேண்டும் என்னும் பிணைப்பு அன்றே விழுந்தது. பின்வந்த எல்லா வாதங்களும் இப்பிணைப்பின் கிளைகளே எனின் மிகையன்று.

அவ்விருபதுகளில் விரியலாக்கியின் நிலையும் மெச்சத்தக்கதன்று. வெற்றிடக் குழாய் பெருப்பித்த அலை மூல அலையின் வடிவினின்றும் திரிந்தே வந்தது. இத்திரிபை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் முயன்றவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்து ஹரோல்ட் பிளாக் என்பார். 1927ஆம் ஆண்டு ஓகத்து 2ஆம் நாட் காலை, வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் நின்றபோது விடை தோன்ற, கையிலிருந்த நியூ யோர்க் ரைம்ஸ் செய்தித்தாளின் வெற்றிடத்தில் அதனை எழுதிவைத்தார். வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உட்புகும் அலையொடு சேர்த்தால், விரியலாக்கி தன் பிழையைத் தானே கழித்துக்கொள்ளும். பெருக்கம் குறையும், திரிபும் அதனொடு குறையும். எதிர்ப் பின்னூட்டல் எனப்படும் இம்முறைக்கு 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உரிமைப்பத்திரம் கிடைத்தது.

தொலைபேசிக்கென எழுந்த இம்முறை இல்லத்துக்கு வந்து சேர்ந்தது போர்க்காலத்தை ஒட்டியாம். இங்கிலாந்தில் ஹரோல்ட் லீக் 1945ஆம் ஆண்டில் நூற்றிற் பத்திலொரு பங்கு திரிபே உடைய விரியலாக்கியை விற்பனைக்கு விட்டு, அவ்வெண்ணையே அதற்குப் பெயராகவும் சூட்டினார். 1947ஆம் ஆண்டு ஏப்பிரில், மே இதழ்களில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ வெளியிட்ட டி. ரி. என். வில்லியம்சனின் அமைப்பு இன்னும் பெரிய விளைவை உண்டாக்கியது. பதினைந்து வாற்று வலுவும், அதே பத்திலொரு விழுக்காட்டுத் திரிபும், கவனமாகச் சுற்றிய ஒரு நிலைமாற்றியும் கொண்ட அதனைச் சூட்டுக்கோலும் பொறுமையும் உடைய எவரும் வீட்டில் அமைக்கலாம் எனும் அளவிற்கு விளக்கம் தரப்பட்டிருந்தது. உலகெங்கணும் பலர் அமைத்தனர். நாற்பதுகளின் இறுதியில் விரியலாக்கியின் பெரும்பிழை தீர்ந்துவிட்டது என்றே கொள்ளல் தகும். அதே காலத்து ஒலிபெருக்கியோ தாழ்ந்த சுரங்களில் நூற்றுக்குப் பல பங்கு திரிபை உண்டாக்கியது. வீணையின் தந்தியை எத்துணை நேர்த்தியாக மீட்டினும் குடம் பிளந்திருப்பின் நாதம் எங்ஙனம் வரும்?

ஒலிபெருக்கியைத் திருத்த முயன்றோர் இரு வழிகளிற் பிரிந்தனர். அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் 1946ஆம் ஆண்டு தொழிலகம் தொடங்கிய போல் கிளிப்ஸ் கொம்பைக் கைவிடவில்லை. அதனை மடித்து அறையின் மூலையில் நிறுத்திச் சுவர்களையே கொம்பின் நீட்சியாக்கினார். மிகச் சிறிய வலுவிலேயே அது முழங்கும். ஆனால் அலுமாரி ஒன்றன் இடத்தை அடைக்கும். மூலையில்லா வீட்டுக்கு உதவாது.

மற்றை வழியைக் கண்டவர் எட்கர் வில்ச்சர். அதுவரை கூம்பின் தொங்கலே வில்லாகத் தொழிற்பட்டது. அவ்வில் பெரிய அசைவுகளில் ஒழுங்கு குலையும். தாழ்ந்த சுரங்களின் திரிபுக்கு அதுவே பெருங்காரணம். வில்ச்சர் தொங்கலை ஏறக்குறைய வலுவற்றதாக்கிக் காற்றுப் புகாச் சிறு பெட்டியில் கூம்பைப் பொருத்தினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வில்லாயிற்று. துணியும் தாளும் தரும் வில்லினும் காற்றின் வில் ஒழுங்கானது. இயங்கிக்கொண்டிருந்த ஒலிபெருக்கித் தாபனங்களுக்கு இக்கருத்தை விற்க முயன்று பயன்பெறாமையால், தம் மாணவராயிருந்த ஹென்றி குளொஸ் என்பாரொடு கூடி 1954ஆம் ஆண்டிற் கேம்பிறிட்ஜ், மசச்சூசெற்ஸில் ‘அக்கூஸ்ரிக் றிசேர்ச்’ என்னும் தாபனத்தை நிறுவினார். ஏறத்தாழ இரண்டு கன அடிப் பெட்டியிலிருந்து, அதுவரை பெரும் பெட்டிகளுக்கே உரியதாயிருந்த ஆழ்ந்த ஒலி எழுந்தது. பின்னர் அத்தாபனம் நால்வர் நரம்பிசைக் குழுவொன்றை மேடையிலிருத்தி, அவர்தம் வாசிப்பையும் முன்பதிந்த ஒலியையும் இடையிடையே மாற்றிக் கேட்பித்தது. எது எப்போது மாறியது எனப் பலரால் அறிய இயலவில்லை. நிகழ்ச்சி விளம்பரத்தின்பாற் பட்டதாயினும், ஒலிபெருக்கியைப் புகழுரையால் அன்றிச் செவியாற் சோதிக்கலாம் என்னும் கொள்கையைப் பொதுமக்கள் நடுவே நாட்டிய பெருமை அதற்கு உண்டு.

ஈண்டு வழக்கு மீண்டும் திரும்புகின்றது. சிறு பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த திறன் என்னும் மூன்றையும் ஒருங்கே பெறப் பௌதிகம் இடந்தராது. இரண்டைக் கொண்டால் மூன்றாவதைக் கைவிடல் வேண்டும். வில்ச்சர் கைவிட்டது திறனை. இதன் விளைவைக் கணக்கிட்டுக் காணலாம். ஒரு வாற்று ஊட்டி ஒரு மீற்றர் தொலைவில் அளந்தால் ஒரு கொம்பு 100 தெசிபெல் தருவதாகவும், ஒரு சிறு பெட்டி 85 தெசிபெல் தருவதாகவும் கொள்க. வலுவை இருமடங்காக்கினாற் கூடுவது மூன்று தெசிபெல்லே. ஆகவே பதினைந்து தெசிபெல்லை ஈடுசெய்ய ஐந்து முறை இருமடங்காக்கல் வேண்டும்; அஃதாவது கொம்புக்கு ஒரு வாற்றுப் போதுமான விடத்துப் பெட்டிக்கு முப்பத்திரண்டு வாற்று வேண்டும். வில்லியம்சனின் பதினைந்து வாற்று இங்கே மூச்சுத் திணறும். எனவே சிறு பெட்டியை வாங்கியவர்க்கு விரியலாக்கியை மாற்றுதல் நியாயமான தேவையாயிற்று. ஆயின் இதே கணக்கு மறுபுறமும் வெட்டும். ஐம்பது வாற்றைக் கொடுத்து நூறு வாற்றை வாங்குபவர் இருமடங்கு ஓசையைப் பெறுவதில்லை; மூன்று தெசிபெல்லையே பெறுவர். ஓசை இருமடங்காயிற்று எனச் செவி உணர்தற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். விற்பனை விளம்பரங்கள் வாற்றெண்ணை முன்னிறுத்தி இம்மடக்கைக் கணக்கைச் சொல்லாது விடுவது கண்டிக்கற்பாலது.

விரலுக்கேற்ற வீக்கம் என்னும் பழமொழிக்கு இவ்வரலாற்றில் எடுத்துக்காட்டு வேண்டின் இங்கிலாந்தின் ஹன்ரிங்டனுக்குச் செல்லல் வேண்டும். ஆங்குக் ‘குவாட்’ என்னும் பெயரிற் கருவிகள் ஆக்கிய பீற்றர் வோக்கர் 1953ஆம் ஆண்டிற் பதினைந்து வாற்று விரியலாக்கியையும், 1957ஆம் ஆண்டில் நிலைமின் ஒலிபெருக்கியையும் வெளியிட்டார். பின்னையதிற் கூம்புமில்லை, சுருளுமில்லை; இரு தகடுகளுக்கிடையே விரித்த மெல்லிய மென்றகடு மின்விசையால் அசையும். குரலும் நரம்பிசையும் அதனிடத்து ஒலித்த தெளிவை ஒத்தது அரிதென இன்றும் போற்றுவர். அதனொடு அவருடைய பழைய பதினைந்து வாற்றுக் கருவி செவ்வனே பொருந்தியது. பிற்காலத்து வலுமிக்க விரியலாக்கிகளை அதனொடு பூட்டியோர் சிலர் மென்றகட்டைப் பொறி பாய்ந்து துளைக்கக் கண்டனர். உயர்த்துவதாக எண்ணிச் செய்த செலவு உள்ளதையும் கெடுத்தது.

1947ஆம் ஆண்டின் இறுதியில் தோன்றிய திரான்சிற்றர் அறுபதுகளில் இல்லத்து விரியலாக்கிக்குள் புகுந்தபோது, விரியலாக்கியின் குறை சிறிது காலம் மீண்டும் தலைகாட்டியது. இரு பாதிகளாகப் பெருப்பித்த அலை சேருமிடத்தில் உண்டாகிய திரிபு மெல்லிய இசையிற் செவியை உறுத்தியது. வெற்றிடக் குழாயே மேல் என்னும் கட்சி அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு எழுந்தது; அக்குறை தீர்ந்த பின்னும் கட்சி தீரவில்லை. 1978ஆம் ஆண்டு ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் ஜேம்ஸ் மொயிர் வெளியிட்ட சோதனையில், குவாட்டின் பழைய குழாய் விரியலாக்கியும், 1967, 1975 ஆண்டுகளின் திரான்சிற்றர் விரியலாக்கிகளும், எது ஒலிக்கின்றது எனக் கேட்போர் அறியாவண்ணம் மாற்றி மாற்றி இயக்கப்பட்டன. தற்செயலாய் ஊகிப்பதினும் மேலாக எவரும் வேறுபாடு கண்டிலர். சோதனை நடந்தது ஆக்கியோரின் ஏற்பாட்டில் என்பதும், கருவிகள் தத்தம் வலுவெல்லைக்குள் இயக்கப்பட்டன என்பதும் மறக்கற்பாலன அல்ல. எல்லை கடந்தவிடத்து அலையின் முடி வெட்டுண்டு, எந்த விரியலாக்கியும் கரகரக்கும்.

எழுபதுகளில் மூன்றாம் கட்சியொன்றும் ஸ்கொட்லாந்தில் எழுந்தது. சட்டியில் இருந்தாற்றான் அகப்பையில் வரும் என்பதுபோலத் தட்டுச் சுழற்றியே முதன்மையானது என்பது அதன் வாதம். தட்டும் ஊசியும் ஆண்டவரை அதில் உண்மை இருந்தது. எண்முறைப் பதிவு வந்தபின் அவ்வாதம் பெரிதும் நலிந்தது.

ஒலிபெருக்கியின் பக்கத்திலோ வேலை ஓயவில்லை. அவுஸ்திரேலியரான நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த றிச்சட் சிமோல் எழுபதுகளின் முற்பகுதியிலும் பெட்டியின் கொள்ளளவையும் கூம்பின் இயல்பையும் சமன்பாட்டில் அடக்கினர். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்தில் புளொயிட் ரூல் 1985, 1986 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள், பெயரும் தோற்றமும் மறைக்கப்பட்டவிடத்துக் கேட்போர் தம்முட் பெரிதும் ஒத்த தீர்ப்பையே வழங்குவர் எனவும், நேர்முகத்திலும் பக்கங்களிலும் சமமாக ஒலிபரப்பும் ஒலிபெருக்கியையே விரும்புவர் எனவும் காட்டின. அறையின் சுவரும் தளமும் தாழ்ந்த சுரங்களை ஆளும் வகையும் அவ்வழி ஆய்வுகளால் விளக்கமுற்றது. ஒலிபெருக்கியை இடம் பெயர்த்து வைப்பதற்குச் செலவில்லை. புதியது வாங்குமுன் அதனைச் செய்து பார்ப்போர் சிலரே.

ஆகலின், பழுதற்ற விரியலாக்கி ஒன்று முன்னரே உள்ள இல்லத்தில், முடக்கும் பணம் ஒலிபெருக்கிக்கே உரியது என்பது 1947ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட சான்றுகளாற் பெறப்படும் தீர்ப்பு. வாங்கும் ஒலிபெருக்கியின் உணர்திறன் தாழ்ந்தோ, அதன் தடங்கல் சில மீடிறன்களில் மிகக் குறைந்தோ, அறை பெரிதாயோ இருப்பின் விரியலாக்கியின் முறை அடுத்து வரும். அம்முறைமையைத் தலைகீழாக்குவோர், எத்துணை வாற்று வேண்டும் என்பதை அறியாமலே வாற்று வாங்குகின்றனர். இன்று கடைக்கு வரும் ஒலிபெருக்கிகள் பலவற்றில் விரியலாக்கி பெட்டிக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆக்கியோரே அதன் வலுவைக் கூம்புக்கேற்ப அளந்து வைத்துவிடுவர். சினெக்ரடியில் இருவர் 1925ஆம் ஆண்டிற் செய்ததும் அதுவே.