மடியில் வைத்தால் போதுமா?

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாமி வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. சட்டென்று பிரேக் அடித்தேன். முன் சீட்டில் மனைவியின் மடியிலிருந்த எட்டு மாத மகனின் நெற்றி டாஷ்போர்டில் போய் இடித்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒரு வீக்கத்தோடு போய்விட்டது. விஷயம் கேள்விப்பட்ட உம்மா மனைவியைத்தான் கேட்டார்: "புள்ளய இறுக்கிப் புடிக்கத் தெரியாதா மகள்?" அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பேபி சீட்டின் வரலாற்றை வாசித்தேன்.

1930களிலேயே அமெரிக்காவில் பிள்ளைகளுக்கென்று கார் சீட் விற்றார்கள். ஆனால் பாதுகாப்புக்காக அல்ல. பிள்ளை அங்குமிங்கும் போகாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும், பெரியவர்களின் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

விபத்தை நினைத்து சீட் செய்தது 1960களில். சுவீடனில் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி புறப்படுவதைக் கவனித்தார். அப்படி இருந்தால் அழுத்தம் முதுகு முழுவதும் பரவிவிடும். சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்து பலவீனம். அதனால் பிள்ளையைக் காரின் பின்பக்கம் பார்க்க இருத்தும் சீட்டை உருவாக்கினார். 1964இல் வொல்வோ காரில் அதைப் பரிசோதித்தார்கள்.

சீட் வந்தது, ஆனால் மனசு மாறவில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சிறுபிள்ளை வைத்தியர் ரொபர்ட் சாண்டர்ஸ் பல வருடம் போராடி ஒரு சட்டம் கொண்டுவந்தார். 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பேபி சீட் கட்டாயம். 1978 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. அந்நாட்டில் இதுதான் முதல் சட்டம். ஆனால் அதில் ஒரு விதிவிலக்கையும் நுழைத்துவிட்டார்கள்: பிள்ளையைக் கையில் வைத்திருந்தால் சீட் தேவையில்லை! எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் "பிள்ளை நசுக்கி". ஏனென்றால் மோதும்போது தாயின் உடம்பே பிள்ளையை டாஷ்போர்டோடு நசுக்கும். 1981இல்தான் அந்த விதிவிலக்கை நீக்கினார்கள். 1985 ஆகும்போது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

வகுப்பில் போடும் கணக்குத்தான். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம். அங்கிருந்து தானும் விழுந்துகொண்டிருக்கும் ஒரு தாய், பிள்ளையைக் கையில் தாங்கிக்கொள்ள முடியுமா? எந்தத் தாயாலும் முடியாது.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது கட்டாயம். நம் ஊரில் ஓடுவதில் அதிகமானவை ஜப்பான் கார்கள்தானே. பின் சீட்டில் முதுகுப்பகுதியும் இருக்கையும் சேரும் இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். பல கார்களில் இரும்பு வளையங்கள் இருக்கும். பேபி சீட்டைக் கொழுவத்தான் அவை. வளையம் இல்லாவிட்டால் சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டும் சீட்டுகளும் உண்டு.

பூட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்:

- பின் சீட்டில்தான் பூட்ட வேண்டும். எயார் பேக் வேலை செய்யும் முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் வைக்க வேண்டாம்.
- பூட்டிய பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.
- பிள்ளையின் தோளில் பட்டியைக் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.
- சீட்டில் குறித்துள்ள நிறை, உயர அளவு தாண்டும்வரை பிள்ளை பின்பக்கம் பார்த்தே இருக்கட்டும்.

உம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பிழை அவளுடையதல்ல, சீட் வாங்காமல் கார் ஓட்டிய என்னுடையது என்றும் சொன்னேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

உங்கள் வீட்டில் பேபி சீட் சும்மா கிடக்கிறதா? விபத்தில் அடிபடாததென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள்.