வெடிக்கும் பேரடையும் அதன் அயலவரும்
பெருங்கரடிக் கூட்டத்தின் திசையில், ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில், மெசியே 81, மெசியே 82 என்னும் விண்மீன் பேரடைகள் அருகருகே உள்ளன. யேர்மன் வானியலாளர் யோகான் போடே 1774ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டார்.

1963இல் லிண்ட்ஸ், சாண்டேஜ் ஆகிய இருவரும் 82இலிருந்து பீறிடும் வாயு இழைகளை ஆராய்ந்து, அதன் மையத்தில் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்துள்ளது என எழுதினர். 'வெடிக்கும் பேரடை' என்ற பெயர் பரவிற்று. தலைப்புக்கு ஏற்ற பெயர். எங்கள் பத்திரிகைத் தொழிலில் எவர்தான் அதை விட்டுவைப்பார்! ஆனால், அப்பெயர் காரணத்தை அப்பேரடையின் உள்ளேயே தேடச் செய்தது என்பது என் எண்ணம்.

1994இல் யுன், ஹோ, லோ ஆகியோர் நியூ மெக்சிக்கோவின் ரேடியோத் தொலைநோக்கிகளால் வரைந்த ஐதரசன் வாயுப் படத்தையே நான் திருப்புமுனை என்பேன். ஒளிப்படங்களில் தனித்தனியே தெரிந்த 81, 82, என்ஜிசி 3077 ஆகிய மூன்றையும் நீண்ட வாயுப் பாலங்கள் இணைத்திருந்தன. சில பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அருகே கடந்தபோது, பெரிய 81இன் ஈர்ப்பு 82ஐக் குலைத்தது. வாயு மையத்தை நோக்கிச் சரிந்தது; அங்கே விண்மீன்கள் பெருவேகத்தில் பிறந்தன. அவற்றுள் பெரியவை விரைவில் வெடித்து மடிய, அந்த ஆற்றலே வாயுவை வெளியே தள்ளுகிறது.

சிறியதான 3077இன் அருகிலோ, இந்த இழுபறியில் பிய்த்தெறியப்பட்ட வாயுவிலேயே இளம் விண்மீன்கள் பிறந்திருக்கின்றன.